கர்ப்பகாலச் சர்க்கரை எவ்வளவு பெருகும்? ஓசூர் எல்லைப் பகுதியை முன்வைத்து ஒரு கணிப்பு முறை

கருவுற்ற ஐந்தாம் மாதத்தை ஒட்டி நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மந்தப்படுத்தத் தொடங்குகின்றன. சிசுவுக்குத் தடையின்றி உணவு போய்ச் சேர உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. பெரும்பாலான பெண்களின் கணையம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இன்சுலின் சுரந்து இதை ஈடுகட்டிவிடும். ஈடுகட்ட முடியாதவர்களுக்கு இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கர்ப்பத்தின்போது முதன்முதலாகத் தென்படும் இந்த மிகுதியே கர்ப்பகால நீரிழிவு எனப்படுகிறது. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடையும். தாயின் இன்சுலின் அவ்வாறு கடப்பதில்லை. எனவே கூடுதல் சர்க்கரையைச் சமாளிக்கச் சிசுவின் சின்னஞ்சிறு கணையமே மிகுதியாகச் சுரக்க வேண்டியதாகிறது. குழந்தை அளவுக்கு மீறிப் பருக்கிறது, பிரசவம் சிக்கலாகிறது, பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகிறது. டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களில் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் பாடநூல்களில் நிற்கிறது.

இந்த நிலை இன்று நூற்றில் எத்தனை கர்ப்பிணிகளுக்கு இருக்கிறது, பத்தாண்டு கழித்து எத்தனை பேருக்கு இருக்கும் என்று கணிப்பது எளிதான வேலையாகத் தோன்றும். பழைய எண்களை வரிசையாக எழுதி, ஒரு கோடு போட்டு, அதை எதிர்காலத்துக்கு நீட்டினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி நீட்டிய கோடுகள் பலமுறை தவறிப்போயிருக்கின்றன. அளவுகோல், சோதிக்கப்பட்டவர்கள், சோதித்த வாரம், தாய்மாரின் வயது, உடல் எடை, குடிபெயர்வு என ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்து எடுத்து மறுபடி சேர்த்தால்தான் நம்பத்தக்க கணிப்பு கிடைக்கும். கர்நாடக எல்லையை ஒட்டி, கெலவரப்பள்ளி அணையைச் சுற்றியுள்ள ஓசூர் வட்டாரத்தில் இந்தக் கூறுகள் எல்லாமே ஒரே காலத்தில் மாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் கணிப்பு முறையைச் சோதித்துப் பார்க்கத் தமிழ்நாட்டில் இதைவிடக் கடினமான இடம் அதிகம் இல்லை.

முதலில் அளவுகோல். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓ'சல்லிவனும் மகானும் 752 கர்ப்பிணிகளைச் சோதித்து 1964-இல் ஓர் எல்லையை வகுத்தார்கள். சராசரிக்கு மேல் இரண்டு திட்ட விலக்கம் என்பதே அந்த எல்லை. அவர்கள் பார்த்தது, அந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வருமா என்பதைத்தான். குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை அல்ல. இப்படிப் புள்ளியியல் விளிம்பில் கோடு கிழித்தால், அந்தக் கோட்டுக்கு மேலே மிகச் சிலரே இருப்பார்கள் என்பது கோடு கிழிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. 1999-இல் உலக சுகாதார நிறுவனம் வேறொரு எல்லையைச் சொன்னது: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து, டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராம், வெறும் வயிற்றில் 126.

2008-இல் வெளிவந்த 'ஹாப்போ' ஆய்வு ஒன்பது நாடுகளில், 15 மையங்களில், ஏறத்தாழ 25,000 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தது. தாயின் சர்க்கரை ஏற ஏறக் குழந்தைக்கான ஆபத்தும் படிப்படியாக ஏறுகிறது, இதற்குக் கீழே பாதுகாப்பு, மேலே ஆபத்து என்று சொல்லத்தக்க ஒரு புள்ளி எங்கும் இல்லை என்று அது காட்டியது. இந்தத் துறையில் வந்த கண்டுபிடிப்புகளில் இதுவே மிக முக்கியமானது. இயற்கையில் இல்லாத ஒரு கோட்டை மனிதர்கள் கூடிப் பேசித்தான் வரைய வேண்டும் என்பது இதன் பொருள். 2010-இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று அப்படிக் கூடி, ஆபத்து சராசரியைவிட 1.75 மடங்காகும் இடங்களில் கோடு வரைந்தது: வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153. மூன்றில் ஒன்று மீறினாலே கர்ப்பகால நீரிழிவு. 2013-இல் உலக சுகாதார நிறுவனமும் இதை ஏற்றது. ஹாப்போவின் 15 மையங்களில் ஒன்றுகூட இந்தியாவில் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு வேறு வழியில் சென்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையை உருவாக்கிய டாக்டர் வி. சேஷய்யா, வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் கிராமத்துக் கர்ப்பிணிகள் மறுமுறை வரவே மாட்டார்கள் என்பதை நடைமுறையில் கண்டவர். பல கிலோமீட்டர் பேருந்தில் வரும் பெண்ணைப் பட்டினி கிடக்கச் சொல்வது சரியல்ல என்பது அவர் வாதம். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் பார்த்து, 140-ஐத் தொட்டால் நோய் எனக் கொள்ளும் முறை இப்படி உருவானது. 2007-இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. 2014-இல் நடுவண் அரசின் வழிகாட்டு நெறி இதே முறையை நாடு முழுமைக்கும் ஏற்றது: முதல் செக்கப்பின்போது ஒருமுறை, 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறை. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10 இன்று கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக நினைவுகூரப்படுகிறது.

இந்த முறைக்கு எதிர்ப்பும் உண்டு. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில் டாக்டர் வி. மோகனும் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஒரே பெண்களுக்குச் சாப்பிட்ட நிலையிலும் வெறும் வயிற்றிலும் சோதனை செய்து ஒப்பிட்டது. வெறும் வயிற்றுச் சோதனை கண்டுபிடித்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களையே மற்றது பிடித்தது. எளிய சோதனையால் எல்லாரையும் எட்டலாம், ஆனால் சிலரைத் தவறவிடலாம். கடினமான சோதனை தவறவிடாது, ஆனால் எல்லாரையும் எட்டாது. மருத்துவமனை வாசலை மிதித்த நூறு பேருக்கு எது சிறந்தது என்பது ஒரு கேள்வி. ஊரில் உள்ள ஆயிரம் பேருக்கு எது சிறந்தது என்பது வேறொரு கேள்வி. கணிப்பாளருக்கு வேண்டியது இந்த வேறுபாட்டை எண்ணாக்கித் திருத்தும் வழி.

அந்த வழி உண்டு. ஒரு சோதனை உண்மையான நோயாளிகளில் 75 விழுக்காட்டினரைப் பிடிக்கிறது, நோயில்லாதவர்களில் 95 விழுக்காட்டினரைச் சரியாக விலக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சோதனையில் 12 விழுக்காட்டினருக்கு நோய் என்று வந்தால், அதிலிருந்து பொய்யாகத் தெரியும் 5-ஐக் கழித்து, மீதி 7-ஐ 0.70 என்ற காரணியால் வகுக்க வேண்டும். உண்மை அளவு 10 விழுக்காடு. சில ஆண்டுகளில் அதே சோதனை 19 விழுக்காடு காட்டினால் உண்மை அளவு 20. பதிவேட்டில் பாதிக்குச் சற்று மேல் கூடியதாகத் தெரியும் மாற்றம், உண்மையில் இரு மடங்குப் பெருக்கம். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் மாவட்ட எண்களை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவது வீண் உழைப்பு.

இனி நம்மிடம் உள்ள எண்கள். இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு 1982-இல் 2 விழுக்காடு, 1991-இல் 7.62, 2000களின் தொடக்கத்தில் 16.55 என்ற வரிசை கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இதைக் கோடாக நீட்டினால் 2025 வாக்கில் மூன்றில் ஒரு கர்ப்பிணிக்கு நோய் இருக்க வேண்டும். ஆனால் இந்த மூன்று எண்களும் வெவ்வேறு ஆய்வுகளிலிருந்து, வெவ்வேறு மக்களிடமிருந்து வந்தவை. ஒன்றுக்கொன்று தொடர்ச்சியாக அவற்றை வைப்பதற்கு நியாயமில்லை.

தமிழ்நாட்டுக்குள்ளேயே, ஏறத்தாழ ஒரே எல்லைக்கோட்டை வைத்துச் செய்த ஆய்வுகளைப் பார்த்தால் படம் மாறுகிறது. சேஷய்யாவின் குழு 2008-இல் வெளியிட்ட சமூக ஆய்வு 12,056 கர்ப்பிணிகளைச் சோதித்தது. சென்னை நகரில் 17.8 விழுக்காடு, சைதாப்பேட்டை சார்ந்த அரைநகர்ப் பகுதியில் 13.8, திருவள்ளூர்க் கிராமங்களில் 9.9, மொத்தம் 13.9. 2016-இல் வெளிவந்த 'விங்ஸ்' ஆய்வு சென்னை, காஞ்சிபுரம் பகுதிகளில் 2,121 பேரைச் சோதித்தது. 1999 அளவுகோலின்படி 14.6 விழுக்காடு, அதே பெண்களிடம் 2010 அளவுகோலை வைத்தால் 18.5. ஆக, கோடு முன்னறிவித்த பெருவெடிப்பு இங்கே நிகழவில்லை. மாறாக, அளவுகோலை மாற்றியதால் மட்டும் ஒரே நாளில் நான்கு விழுக்காடு கூடுகிறது. நாளிதழ்களில் 'பெருகுகிறது' என்று வரும் செய்திகளில் எவ்வளவு உடலில் நிகழ்ந்தது, எவ்வளவு தாளில் நிகழ்ந்தது என்று பிரித்துக் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

உலக அளவிலும் இதே பாடம். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2013-ஆம் ஆண்டுக்குக் கணித்தபோது, உயிருடன் பிறக்கும் குழந்தைகளில் 16.9 விழுக்காட்டினரின் தாய்மாருக்கு ஏதோ ஒரு வகைச் சர்க்கரை மிகுதி இருந்ததாகச் சொன்னது, 2.14 கோடிப் பிறப்புகள். 2021-க்கான கணிப்பு 16.7 விழுக்காடு, 2.11 கோடி. கூட்டமைப்பு கையாண்ட முறை கவனிக்கத்தக்கது: நாடுகளில் வந்த ஆய்வுகளைத் தரம் பிரித்து மதிப்பெண் இட்டு, தரமானவற்றிலிருந்து வயதுவாரியான அளவைப் பெற்று, ஒவ்வொரு வயதிலும் எத்தனை பிறப்பு நிகழ்கிறது என்பதோடு பெருக்கினார்கள். தரவே இல்லாத நாட்டுக்கு, ஒத்த நாட்டின் அளவைக் கடன் வாங்கினார்கள். தென்கிழக்கு ஆசியா என அவர்கள் வகுத்த, இந்தியாவும் இலங்கையும் அடங்கிய பகுதிக்கு 2013-இல் கிடைத்த எண் 25 விழுக்காடு, உலகிலேயே அதிகம்.

வயதுவாரியாகப் பிரித்துப் பெருக்கும் இந்த முறையை ஓசூருக்குக் கொண்டுவரலாம். அங்கே தாய்மாரின் வயதை மாற்றிவருபவை தொழிற்சாலைகள். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று தொழிற்சாலைகள் தொடர்ந்தன. முதல் தலைமுறை ஆலைகளில் ஆண்களே மிகுதி. அண்மை ஆண்டுகளில் கெலமங்கலம் பக்கம் திம்ஜேப்பள்ளியில் எழுந்த டாடா எலெக்ட்ரானிக்ஸ் போன்ற மின்னணு ஆலைகளில் பெண்களே பெரும்பான்மை. போச்சம்பள்ளி மின்-ஸ்கூட்டர் ஆலையிலும் அப்படியே. பத்தொன்பது இருபது வயதில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண், சில ஆண்டு சம்பாதித்துவிட்டுத் திருமணம் செய்துகொள்கிறாள். இளவயதுத் திருமணத்துக்குப் பேர்போன இந்த வட்டாரத்தின் மலையடிவாரக் கிராமங்களுக்கு இது பெரிய நன்மை. பள்ளிப் படிப்பும் கையில் பணமும் முடிவெடுக்கும் உரிமையும் சேர்ந்து வருகின்றன. அதே வேளையில் முதல் பிரசவம் இருபதிலிருந்து இருபத்தைந்து, இருபத்தெட்டுக்குத் தள்ளிப்போகிறது. வயது ஏற ஏறக் கர்ப்பகால நீரிழிவும் ஏறும். திருமண வயது உயர்வதைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. அதன் விளைவை முன்கூட்டியே கணக்கில் சேர்ப்பதுதான் கடமை.

எடுத்துக்காட்டுக்காக மட்டும் சில எண்கள். 20-24 வயதில் 8 விழுக்காடு, 25-29 வயதில் 14, 30-34 வயதில் 22 என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் நிகழும் 1,000 பிரசவங்களில் இந்த மூன்று வயதினரின் பங்கு 50, 35, 15 விழுக்காடு என்றால், மொத்தத்தில் 12.2 விழுக்காட்டினருக்கு நோய். பத்தாண்டு கழித்துப் பங்கு 30, 45, 25 என்று மாறினால், எந்த ஒரு வயதிலும் ஆபத்து சிறிதும் கூடாமலே, மொத்த அளவு 14.2 ஆகிவிடும். இதற்கிடையே பிரசவங்கள் 1,000-லிருந்து 850 ஆகக் குறைந்தால் நோயுற்றவர் எண்ணிக்கை முன்பு 122, இப்போது 121. விழுக்காடு உயர்கிறது, எண்ணிக்கை நகரவில்லை. தமிழ்நாட்டின் கருவள விகிதம் 2020-இல் 1.4 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. எனவே மாநிலத்தின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு இந்தக் காட்சி கற்பனையல்ல. ஓசூருக்கோ வேலை தேடி இளம் குடும்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பிரசவம் குறையும் என்று இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. விழுக்காடும் எண்ணிக்கையும் சேர்ந்தே ஏறும் இடமாக இதைக் கொள்வதே சரி.

வயதுக்கு அடுத்தது உடல். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை கொண்டவர்கள் 2015-16-இல் 30.9 விழுக்காடு, 2019-21-இல் 40.4. ஒரே முறையில் இரண்டு முறை அளந்த எண்கள் என்பதால் இவற்றை நம்பி ஒப்பிடலாம். கர்ப்பகாலச் சர்க்கரையின் வருங்காலத்தைச் சொல்லும் சான்றுகளில், நேரடிச் சர்க்கரை ஆய்வுகளைவிட இந்த எடைக் கணக்கே இப்போதைக்கு உறுதியானது. ஓசூர், தேன்கனிக்கோட்டை மேட்டுநிலங்களில் ஒரு காலத்தில் அன்றாட உணவு கேழ்வரகுக் களி. வயலிலும் தோட்டத்திலும் நாள் முழுதும் வேலை. இப்போது ரேஷன் அரிசிச் சோறு, கேன்டீன் சாப்பாடு, டீக்கடைப் பன், நின்ற இடத்தில் எட்டு மணி நேரம். 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆலைகளில் பெண்கள் இரவில் வேலை செய்யத் தொழிற்சாலைச் சட்டம் விதித்திருந்த தடையை நீக்கிய பிறகு நைட் ஷிஃப்டும் சேர்ந்தது. உறங்கும் நேரம் அடிக்கடி மாறினால் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைகிறது என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உண்டு. கணிப்பில் இதற்கெனத் தனி எண் இட முடியாவிட்டாலும், ஆலை வேலை பார்க்கும் கர்ப்பிணிகளையும் மற்றவர்களையும் தனித்தனியே எண்ணிவைப்பது அவசியம்.

தாயின் இன்றைய எடையோடு கணக்கு முடிந்துவிடுவதும் இல்லை. எல்லையைக் கடந்து மைசூரில், ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1997-98-இல் தொடங்கிய ஆய்வு 785 கர்ப்பிணிகளைச் சோதித்து 6.2 விழுக்காட்டினருக்குக் கர்ப்பகால நீரிழிவு கண்டது; அங்கே பயன்பட்டது இன்னொரு, கடுமையான அளவுகோல். ஆய்வாளர்கள் அத்தோடு நிறுத்தாமல் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். நீரிழிவுத் தாய்க்குப் பிறந்த குழந்தைகள், குறிப்பாகப் பெண் குழந்தைகள், ஐந்து வயதிலேயே கூடுதல் கொழுப்போடும் கூடுதல் இன்சுலினோடும் இருந்தார்கள்; ஒன்பதரை வயதில் வேறுபாடு இன்னும் விரிந்தது. அந்தப் பெண் குழந்தைகள் இப்போது தாங்களே தாயாகும் வயதில் இருக்கிறார்கள். ஒரு தலைமுறையின் அளவு அடுத்த தலைமுறையின் அளவைத் தூக்கிவிடும் இந்தச் சுழற்சியை, பெரும்பாலான கணிப்புகள் சேர்ப்பதே இல்லை. பத்தாண்டுக் கணிப்பில் விட்டுவிடலாம். முப்பதாண்டுக் கணிப்பில் விட்டால் அது கணிப்பே அல்ல.

அடுத்து, யாரை எண்ணுவது என்ற சிக்கல். எல்லைப் பகுதியில் இது எல்லாவற்றையும்விடக் கடினம். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் மாநில அரசின் 'பிக்மி' என்னும் கர்ப்பிணிப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டு எண் பெறுகிறார்கள். மகப்பேறு உதவித்தொகைக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும் என்பதால் பதிவு ஏறக்குறைய முழுமையாகவே நடக்கிறது. ஆனால் ஓசூரில் பதிவு செய்த பெண் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூரில் ஸ்கேனும் பிரசவமும் பார்த்துக்கொள்ளலாம். ஆனேக்கல் பெண் ஓசூர் மருத்துவமனைக்கு வரலாம். குப்பத்திலிருந்து வந்தவர் தாய்வீட்டுக்குத் திரும்பலாம். ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வந்த தொழிலாளியின் மனைவி ஆறாம் மாதத்தில் ரயிலேறிவிடலாம். ஒரே பெண் இரண்டு மாநிலங்களின் பதிவேட்டில் வருவதும், எதிலுமே வராமல் போவதும் நடக்கும். வசிக்கும் இடம், வேலை செய்யும் இடம், பிரசவித்த இடம் என்ற மூன்றில் எதை அடிப்படையாகக் கொள்வது என்று முதலிலேயே முடிவெடுத்து, கடைசிவரை அதையே பின்பற்ற வேண்டும். நோய்த்தடுப்புக்கு வசிக்கும் இடமும், மருத்துவமனைப் படுக்கைக்குப் பிரசவிக்கும் இடமும் பொருத்தமான அடிப்படைகள்.

காலமும் குறுக்கிடுகிறது. ஏழாம் மாதத்தில் வளைகாப்பு அல்லது சீமந்தம் முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது தமிழ், தெலுங்கு, கன்னடக் குடும்பங்கள் மூன்றிலும் உள்ள வழக்கம். இரண்டாவது சோதனைக்குரிய 24-28 வாரங்கள் அந்தச் சடங்குக்குச் சற்று முன்னால்தான் விழுகின்றன. கிராம சுகாதார செவிலியர் ஒரு வாரம் பிந்தினால் பெண் ஊரில் இருக்கமாட்டாள். முதல் சோதனையை மட்டும் செய்துகொண்டு போனவர்களை 'நோயில்லாதவர்' பட்டியலில் சேர்த்தால் அளவு பொய்யாகக் குறையும். அவர்களை வகுக்கும் எண்ணிலிருந்து நீக்கிவிட்டு, இரண்டு சோதனையும் முடித்தவர்களுக்கு மட்டும் விழுக்காடு பார்ப்பதே முறை; நீக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் அருகிலேயே அச்சிட வேண்டும்.

சிறிய எண்களிலிருந்து பெரிய முடிவு எடுக்கும் ஆசையும் ஆபத்தானது. ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண்டுக்கு 400 பேரைச் சோதித்து 48 பேருக்கு நோய் கண்டால் 12 விழுக்காடு என்று எழுதுவார்கள். தற்செயலின் பங்கைச் சேர்த்தால் உண்மை அளவு 9-லிருந்து 15 வரை எங்கும் இருக்கலாம். அடுத்த ஆண்டு 14 வந்தால் நோய் பெருகியது என்றோ, 10 வந்தால் திட்டம் வென்றது என்றோ சொல்ல இடமில்லை. கெலவரப்பள்ளி போன்ற தனிக் கிராமத்துக்குத் தனிக் கணிப்பு கேட்பவர்களுக்கு, ஓசூர், சூளகிரி, கெலமங்கலம், தளி ஒன்றியங்களைச் சேர்த்து மூன்றாண்டு எண்களைத் திரட்டினால்தான் பயனுள்ள விடை கிடைக்கும்.

இவ்வளவையும் சேர்த்தால் ஓசூர் வட்டாரத்துக்கு ஓர் ஒற்றை எண் வராது. ஒரு வரம்புதான் வரும். 140 என்ற எல்லைக்கோடு தொடர்ந்தால், திருவள்ளூர்க் கிராமங்களில் கண்ட 10 விழுக்காட்டை ஒட்டிய அளவைக் கீழ்வரம்பாகவும் சென்னை நகரின் 18-ஐ மேல்வரம்பாகவும் கொண்டு தொடங்கலாம். ஆலைகள் பெருகி, கிராமம் நகரின் வாழ்க்கைக்கு மாறும் வேகத்தில் அளவு கீழிலிருந்து மேலாக நகரும். விங்ஸ் ஆய்வில் 2010 அளவுகோலின்படி நகரத்தில் 19.8, கிராமத்தில் 16.1 என்று இடைவெளி சுருங்கியிருந்தது இதற்கு ஒரு முன்னறிகுறி. நாளை அரசு அந்த அளவுகோலுக்கு மாறினால், எண் திடீரெனத் தாவும். அந்த ஆண்டில் பழைய கோட்டின்படியும் புதிய கோட்டின்படியும் இரண்டு எண்களையும் வெளியிட்டால்தான் தொடர்ச்சி அறுபடாது.

கணிப்பின் பயன் கொள்முதல் பட்டியலில் தெரியும். 1,000 கர்ப்பிணிகளுக்கு இரண்டு முறை சோதனை என்றால் 150 கிலோ குளுக்கோஸும் ஏறத்தாழ 2,000 ஸ்ட்ரிப்பும் வேண்டும். 12 விழுக்காடு என்றால் 120 பெண்களுக்கு உணவு ஆலோசனை. இரண்டு வாரம் உணவில் கட்டுப்படாமல், சாப்பிட்ட இரண்டு மணி நேரச் சர்க்கரை 120-ஐத் தொடுபவர்களுக்கு மெட்ஃபார்மினோ இன்சுலினோ. 18 என்றால் ஆலோசனையும் மருந்தும் ஒன்றரை மடங்கு. தமிழோடு தெலுங்கும் கன்னடமும், இப்போது இந்தியும் ஒடியாவும் தெரிந்த ஆலோசகர் வேண்டும் என்பது இந்தப் பகுதிக்கே உரிய கூடுதல் தேவை.

கடைசியாக, பிரசவமான ஆறாம் வாரத்தில் செய்ய வேண்டிய மறுசோதனை. கருவுறும் முன்பே சர்க்கரை நோய் இருந்து தெரியாமல் போனவர்களையும், கர்ப்பத்தால் மட்டும் சர்க்கரை ஏறியவர்களையும் அதுவே பெருமளவு பிரித்துக் காட்டும். முதல் வகையினர் கூடக்கூடக் கர்ப்பகால நீரிழிவு என்று எழுதப்படும் எண்ணும் கூடும். ஆனால் அதன் பொருள் வேறு. கர்ப்பத்தில் நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு என்று 2009-இலும், பத்து மடங்கை நெருங்கும் என்று 2020-இலும் வெளிவந்த தொகுப்பாய்வுகள் சொல்லின. குழந்தைக்குப் பிறந்தவுடன் போடுவதற்கு அடுத்த தடுப்பூசித் தொகுதியைப் போடுவதும் அதே ஆறாம் வாரத்தில்தான். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்க்கு அன்றே 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் சோதித்து, முடிவைக் கர்ப்பகாலப் பதிவோடு அதே எண்ணில் இணைத்தால், அடுத்த பத்தாண்டுக் கணிப்புக்கு வேண்டிய தரவு ஓசூரிலேயே கிடைத்துவிடும்.